மைனி குளித்த தண்ணீர்

தகரக் கதவுக்கும் தரைக்கும் நடுவே கையளவு இடைவெளி இருந்தது. அதன் வழியாக ஆவி தவழ்ந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மார்கழிக் காலை. தாராவியில் பனி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஆனாலும் அடுப்புப் புகையும் கழிமுகப் பக்கத்து ஈரமும் கலந்து, விடியும் நேரத்தில் சந்து முழுவதும் பாலில் நனைத்த துணிபோல் கிடக்கும். அந்த வெண்மைக்குள் இன்னொரு வெண்மையாக மைனியின் குளியல் ஆவி எழும்பி, குழாயடி வரிசையில் குடத்துடன் நிற்கும் என் கால்களைத் தொடும். உள்ளே தண்ணீர் விழும் சத்தமும், இடையிடையே எதையோ எதன்மீதோ தேய்க்கும் சத்தமும் கேட்கும். ஏதோ பாத்திரம் விளக்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆவியிலேயே பிறந்து அதிலிருந்து நடந்து வருகிறவளைப்போல, சிவந்த முகத்தோடு அவள் கதவைத் திறந்து வெளியே வருவாள். அந்த ஒரு நிமிடம் அவள் முகத்தில் இருந்த நிம்மதியை இன்றும் என்னால் பார்க்க முடிகிறது.

மைனி என்பது என் அண்ணன் மனைவி. அறுபதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தாள். நான் அவளுக்கு நாத்தனார். உறவில் மூத்தவளே தவிர வயதில் என்னைவிடச் சற்று இளையவள். நான் அப்போது கோட்டைப் பக்கத்துக் கப்பல் ஏஜென்டு அலுவலகம் ஒன்றில் தட்டச்சு வேலை பார்த்தேன். அண்ணனுக்கு மாட்டுங்காவில் ரயில் பட்டறையில் வேலை. அம்மா, அண்ணன், மைனி, நான் நான்கு பேரும் சாலில் ஒரே அறையில் இருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளுக்குப் பம்பாயில் சால் என்று பெயர். தண்ணீர்க் குழாயும் குளியலறையும் எல்லாருக்கும் பொது. பெண்கள் குளிக்கத் தகரக் கதவு போட்ட இரண்டு மறைப்புகள் சாலின் கோடியில் இருந்தன.

பம்பாய் வெயிலிலும் மைனி முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். எங்கள் அறைக் கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தது. காலையில் அதன் வழியே சாய்வாக ஒரு வெயில் தூண் இறங்கும். மைனி பாயை மடிக்கும்போது அந்தத் தூணுக்குள் வெள்ளியாக ஏதோ மின்னி மிதந்ததை ஒருநாள் பார்த்தேன். மைக்காத் துகள்போல இருந்தது. நான் பார்த்துவிட்டதை அவளும் பார்த்தாள். பிறகு சற்றுத் தயங்கி, அறையில் வேறு யாரும் இல்லாததால், ரவிக்கையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினாள். சிவந்து தடித்த திட்டுகள். அவற்றின்மேல் மெழுகு உருகி உறைந்ததுபோல் வெள்ளைச் செதில்கள். முதுகிலும் முழங்கால்களிலும் இன்னும் அதிகம் என்றாள். தன் அம்மா இறந்த வருஷம் தலையில் பொடுகாகத் தொடங்கியது என்றும், ஊரில் அவளுடைய அண்ணன்மார் பெண்டாட்டிகள் அதை அழுக்கு என்று சொல்லி, நன்றாகத் தேய்த்துக் குளிக்கச் சொன்னார்கள் என்றும் சொன்னாள். அன்றிலிருந்து செங்கல் துண்டால் தேய்த்து வந்திருக்கிறாள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், கார்பாலிக் சோப்பு, செங்கல். நான் குழாயடியில் நின்று கேட்ட சத்தம் அதுதான். சூடு படும்போது அரிப்பு அடங்குமாம். அதற்காகவே உயிர் விடலாம்போல இருக்கும் என்றாள். அரை நாள் போவதற்குள் அது இரண்டு மடங்காகத் திரும்பி வந்துவிடும். அவளும் மறுபடி செங்கல்லை எடுப்பாள்.

அண்ணனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையசைத்தாள். கல்யாணமான முதல் வாரமே தெரியுமாம். அவன் ஒன்றும் கேட்கவில்லையாம். திட்டு வெடித்து அவள் தூங்காமல் கிடந்த ஒரு நாள், கொஞ்சம் தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டானாம். என் அண்ணன் அப்படித்தான். பேச வேண்டியதை எல்லாம் எங்காவது வைத்துவிட்டுப் போகிறவன்.

அந்த வருஷம் குளிர் முடிவதற்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. மைனி குளித்துவிட்டு வந்தபின் மறைப்பின் தரையில் இரண்டு சொட்டு ரத்தமும், கழுவியும் போகாத செதில்களும் இருந்தன. அடுத்துப் போனவள் கோடி வீட்டு அக்கா. எங்கள் சாலின் கடைசி அறையில் இருந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். குழாயடி வரிசையை ஒழுங்கு செய்வதும், பிரசவித்த பெண்களுக்குக் குளிக்க ஊற்றுவதும், சண்டை தீர்ப்பதும் அவள்தான். சத்தம் போடுகிறவள் இல்லை. எங்கள் வாசலுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டு, தணிந்த குரலில்தான் பேசினாள்.

“தப்பா நெனைக்காதீய. புள்ளைய குளிக்குத எடம். ஒங்க மருமவ இனிமே அங்க குளிக்க வேண்டாம்.”

பெருவியாதி என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலைக்குள் அந்தச் சொல் சந்தின் இரு பக்கமும் நடந்து போயிருந்தது. எங்கள் அறைக்கு வரும் பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். அம்மா மைனியின் தட்டையும் தம்ளரையும் தனியே எடுத்து வைத்தாள். பிறகு அண்ணன் வந்ததும், அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம், அங்கே யாராவது வைத்தியரிடம் காட்டட்டும் என்றாள். தாயில்லாத பெண். அங்கே அவளை ஏற்றுக்கொள்ள இருந்தவர்கள், அழுக்கு என்று செங்கல் கொடுத்தவர்கள்தான். மைனி மூலையில் உட்கார்ந்து தன் டிரங்குப் பெட்டியில் புடவைகளை ஏற்கெனவே அடுக்கத் தொடங்கியிருந்தாள். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத அண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “டாக்டர் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் பெட்டிய மூடு” என்றான்.

நான் அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தோல் நோய்ப் பிரிவில் நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்ட ஒரு மராத்தி டாக்டரம்மா இருந்தார். அவர் இந்தியில் கேட்க, நான் தமிழில் சொல்ல, மைனி பதில் சொல்ல, மறுபடி நான் இந்தியில் சொல்ல, பேச்சு ஒரு சுற்று சுற்றித்தான் வந்தது. கடைசியில் டாக்டரம்மா மைனியைக் கண்களை மூடிக்கொண்டு, தொடுவது தெரிந்தால் சொல்லச் சொன்னார். ஒரு பஞ்சுத் துணுக்கால் ஒவ்வொரு திட்டையும் மெல்லத் தொட்டார். ஊசி முனையாலும் தொட்டார். தொடும்போதெல்லாம் மைனி கண்களைத் திறக்காமலே “ம்” என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் அசைந்துகொண்டிருந்தது. அதன் நிழல் அவள் முதுகில் போய் வந்தது. எனக்கு அந்த அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றியது. பிறகு டாக்டரம்மா பஞ்சை வைத்துவிட்டு, வெறுங்கையால், திட்டுகளின்மேல் உள்ளங்கையை முழுதாகப் பதித்தார். மைனி அதற்கு “ம்” சொல்லவில்லை. மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது.

குஷ்டமாக இருந்தால் தொட்டது தெரியாது, இது குஷ்டம் இல்லை என்றார் அவர். அதை என்னை இரண்டு தரம் சொல்ல வைத்தார். இதன் பெயர் சொரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது; தட்டில், துணியில், தண்ணீரில், தொடுவதில், எதிலும் ஒட்டாது. நம் உடம்பில் தோல் மெதுவாக வளர்ந்து மெதுவாக உதிரும். இவளுக்கு அந்தத் தோல் அவசரப்படுகிறது, அவ்வளவுதான். அடியோடு போகும் என்று என்னால் சொல்ல முடியாது, அடக்கி வைக்கலாம் என்றார். பிறகு எப்படிக் குளிக்கிறாய் என்று கேட்டார். நான் செங்கல்லைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. வியாதியில் பாதியை நீயே தேய்த்து உண்டாக்கிக்கொண்டிருக்கிறாய் என்றார். அவர் கோபம் மைனிமேல் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே புரிந்தது.

அதன் பிறகு அவர் பேசியது முழுவதும் குளியலைப் பற்றித்தான். கொதிநீர் கூடவே கூடாது. முழங்கையை நனைத்துப் பார்த்தால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. கல், நார், பிரஷ் எதுவும் தோலைத் தொடக் கூடாது. குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பே செதில்களில் எண்ணெய் தடவி ஊறவிட்டால் அவை தாமாகவே இளகிப் போகும். பிய்த்து எடுக்க வேண்டாம். கார்பாலிக் சோப்பைத் தூக்கி எறி, மென்மையான சோப்பைக் கொஞ்சமாகப் போடு. தண்ணீரில் வெகுநேரம் இருக்காதே. துவட்டும்போது தேய்க்காமல், மெல்லிய துணியால் ஒற்றி எடு. ஈரம் முழுதும் காய்வதற்குள் மறுபடி எண்ணெய் பூசு. எண்ணெய்க் காலோடு வழுக்கி விழாமலிருக்கத் தரையில் ஒரு சாக்குத் துண்டைப் போட்டுக்கொள். பூசிக்கொள்ள, தார் வாசனை அடிக்கும் ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் மைனி அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். சொரியாசிஸ் அவள் வாயில் சொரியா ஆகி, சயான் நிறுத்தம் வருவதற்குள் சூரியா ஆகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள் அது ஒரு பெண்ணின் பெயர். சூரியா இன்னிக்குச் சும்மா இருக்கா என்பாள். சூரியா வந்துட்டா புள்ள என்பாள்.

டாக்டர் சொன்னதை நான் குழாயடியில் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள். நம்பினார்கள் என்று சொல்ல முடியாது. கோடி வீட்டு அக்கா, எதற்கும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறையின் மூலையில் சிமெண்டால் சிறு கரை கட்டி, வெளியே சாக்கடைக்கு ஒரு குழாய் வைத்து, குளிக்கும் இடம் ஒன்று செய்தான். இங்கே அதை மோரி என்பார்கள். பழைய புடவையைத் திரையாகத் தொங்கவிட்டு மைனி அங்கே குளித்தாள். முதல் நாள்களில் வெதுவெதுப்பான தண்ணீர் அவளுக்குக் குளித்ததுபோலவே இல்லை. அரிப்பு எடுக்கும்போது கை தானாகச் செங்கல்லைத் தேடியது. நான் நகங்களை ஒட்ட வெட்டிவிட்டேன். திரைக்குள்ளிருந்து இப்போது தேய்க்கும் சத்தம் வரவில்லை. தண்ணீர் மட்டும், யாரோ நிதானமாகப் பேசுவதுபோல், கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டிருக்கும். குளித்து எண்ணெய் பூசியதும், கண்ணாடி ஓட்டின் வெயில் தூணுக்குள் முழங்கைகளை நீட்டிக்கொண்டு உட்காருவாள். எண்ணெயும் தாரும் கலந்த அந்த வாசனை எனக்கு அலுவலகத்தில் தட்டச்சு செய்யும்போதுகூட எங்கிருந்தோ வரும். மழை பிடிப்பதற்குள் வெடிப்புகள் மூடிக்கொண்டன. திட்டுகள் போகவில்லை, ஆனால் மெலிந்து, பழைய வரைபடம்போல வெளிறின.

அடுத்த வருஷம் மைனி உண்டானாள். வயிறு வளர வளர, யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. திட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. முழங்கையில் மறைந்தன, முதுகில் மறைந்தன. உடம்பு முழுவதும் புதிய தோல். அவள் முதல் முறையாக அரைக்கை ரவிக்கை தைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பெண்கள் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நேர்ந்துகொண்டது பலித்தது என்றாள் ஒருத்தி. கோடி வீட்டு அக்காவே வந்து, இனி பொதுக் குளியலறையில் குளிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வளைகாப்புக்குச் சந்தே கூடியது. ஆனால் நாங்கள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது டாக்டரம்மா சொல்லியிருந்தார்: பிள்ளை சுமக்கும்போது சிலருக்கு இப்படி அடங்கும், பிறந்தபின் திரும்பி வரலாம், பயப்படாதே. அதை மைனி வேறு யாரிடமும் சொல்லவில்லை. என்னையும் சொல்ல வேண்டாம் என்றாள். கொஞ்ச நாள் எல்லாரையும்போல இருந்துக்கிடுதேன் புள்ள என்றாள். அந்த மாதங்களில் அவள் நடந்ததே வேறு மாதிரி இருந்தது. தரைக்குச் சற்று மேலே நடப்பதுபோல.

பெண் குழந்தை. பிறந்து சில வாரங்களுக்குள் மைனியின் முழங்கையில் அரிப்புத் தொடங்கியது. முழுக்கை ரவிக்கை திரும்பி வந்தது. குளிர் காற்றுக்காக என்று அம்மாவிடம் சொன்னாள். பிள்ளை பெற்றவளை மூலிகை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில், மஞ்சள் தேய்த்து, முதுகு சிவக்க ஊற்றிக் குளிப்பாட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிரசவத்தில் மைனிக்குக் காய்ச்சல் கண்டதால் அது தள்ளிப் போயிருந்தது. காய்ச்சல் விட்டு உடம்பு தேறியதும் கோடி வீட்டு அக்கா அண்டா நிறைய நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்து, எங்கள் அறையிலேயே பலகை போட்டாள். அம்மா சீயக்காயும் மஞ்சளும் எடுத்து வந்தாள். அறை முழுக்க ஆவி. வாசலில் இரண்டு மூன்று பெண்கள். மைனி ஒரு பழைய புடவையை மார்புக்கு மேலே முடிந்து, தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். நான் குழந்தையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு குளித்தால் தோல் வெந்து உரியும். சொன்னால் குளியலறை போகும், குழாயடி போகும். குழந்தையைத் தொடாதே என்றுகூடச் சொல்லலாம். அதுதான் அவள் கண்ணில் இருந்தது.

அக்கா முதல் செம்பை மொண்டு தூக்கினாள். மைனி கையை உயர்த்தித் தடுத்தாள்.

“வேண்டாம்க்கா. எனக்கு வெந்நீ ஆவாது. வெதுவெதுன்னுதான் ஊத்தணும். மஞ்சளும் தேய்க்கக் கூடாது.”

புதுசாக என்ன சொல்கிறாய் என்று அக்கா கேட்டாள். மைனி துண்டை எடுத்து மடியில் வைத்தாள். இரண்டு முழங்கைகளிலும் தோள்களிலும் சிவப்புத் திட்டுகள். பாக்கு அளவில், காசு அளவில்.

“திரும்பி வந்துட்டு. இனியும் வரும், போவும். யாருக்கும் ஒட்டாது. அந்த டாக்டரம்மா வெறுங்கையால தொட்டாவ. என் புள்ளைய நான்தான் குளிப்பாட்டுவேன். அத யாரும் வேண்டாம்னு சொல்லாதீய.”

அவள் குரல் உயரவில்லை. வாசலில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அக்காவின் கையில் செம்பு அப்படியே நின்றது. அப்போது அம்மா, அவளை ஊருக்கு அனுப்பச் சொன்ன என் அம்மா, மூலையிலிருந்த பச்சைத்தண்ணீர் வாளியைத் தூக்கி அண்டாவுக்குள் முழுவதும் சாய்த்தாள். இன்னொரு வாளியையும் சாய்த்தாள். ஆவி அடங்கி அறையில் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, முழங்கையை அண்டாவுக்குள் விட்டுப் பார்த்தாள். பிறகு கோடி வீட்டு அக்காவிடமிருந்து செம்பை வாங்கினாள்.

“நான் ஊத்துதேன். இவளுக்கு எப்படி ஊத்தணும்னு எனக்குத் தெரியும்.”

திரைக்கு இந்தப் பக்கமிருந்து அத்தனை மாதமும் அவள் கவனித்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா தலையில் ஊற்றினாள், தோளில் ஊற்றினாள். சீயக்காயைத் தலையோடு நிறுத்திக்கொண்டாள். மைனியின் முதுகைக் கையால் வருடினாள், தேய்க்கவில்லை. மெல்லிய வேட்டித் துணியால் ஒற்றினாள். ஈரம் இருக்கும்போதே எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டாள். மைனி தலையைக் குனிந்தே இருந்தாள். அவள் அழுதாளா, தண்ணீர்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கோடி வீட்டு அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். போகும்போது என்னிடம் வந்து, குழந்தையின் கையையும் காலையும் விரித்துப் பார்த்தாள். நிஜமாகவே ஒட்டாதா என்று மெல்லக் கேட்டாள். ஒட்டாது என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நடுஅறைக் குடும்பம் ஒன்று கடைசிவரை மைனி குளித்த மறைப்பில் குளிக்கவில்லை. சிலர் தங்கள் குழந்தைகளை அவள் தூக்க விடவில்லை. அவர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே அவர்களிடமும் சிரித்துப் பேசினாள். ஆனால் அவள் மறுபடி குளியலறைக்குப் போன முதல் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அரைக்கை ரவிக்கையோடு, திட்டுகள் தெரிய, வெதுவெதுப்பான தண்ணீர் வாளியும் சாக்குத் துண்டுமாக வரிசையின் கடைசியில் போய் நின்றாள். கோடி வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தாள். நடந்து வந்து, மைனியின் வாளியைத் தூக்கி, வரிசைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். “பால் குடிக்குத புள்ள இருக்குல்லா. நீ மொதல்ல போ” என்றாள்.

அந்தச் சால் இப்போது இல்லை. அம்மாவும் அண்ணனும் இல்லை. மைனி செம்பூரில் மகளோடு இருக்கிறாள். வீட்டுக்குள்ளேயே குளியலறை, குழாயைத் திருகினால் வெந்நீர். வியாதி ஒவ்வொரு குளிரிலும் வருகிறது, வெயிலில் குறைகிறது. புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றால் நெடுங்காலம் அடங்கியும் இருந்திருக்கிறது. போன மாதம் நான் போயிருந்தபோது அவள் குளித்துவிட்டு, பால்கனியில் கைகளை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த தமிழ்ப் பெண் அவர்கள் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் பார்வை மைனியின் முழங்கையில் விழுந்தது, சட்டென்று விலகியது. எனக்குப் பழைய பயம் ஒன்று நெஞ்சில் எழுந்தது. மைனி துளியும் அசையவில்லை. கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

“என்னன்னு கேளு புள்ள. கேட்டா சொல்லுவேன்லா.”

அந்தப் பெண் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி கொஞ்சம் நின்றாள். பிறகு கேட்டாள்.